பரணில் கிடைத்த ராணுவ ரைஃபிளை விற்கலாமா?

கேள்வி: ராணுவத்தில் இருந்த எங்கள் தாத்தா காலமான பிறகு, பாலக்கோடு வீட்டுப் பரணில் பழைய ரைஃபிள் ஒன்று கிடைத்தது. இடப்பக்கத்தில் திருகுத் துளைகள் உள்ளன. இது அரிய ஸ்னைப்பர் ரைஃபிள் என்றும், பழம்பொருள் என்பதால் லைசென்ஸ் வேண்டாம் என்றும் சொல்லி ஓசூர் புரோக்கர் ஒருவர் விலை பேசுகிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ‘பழம்பொருளுக்கு லைசென்ஸ் வேண்டாம்’ என்பதை நம்பிச் சிக்கியவர்கள் பலர். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்கு அளிப்பது, பழுதுபார்த்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்கு மட்டுமே, வயது கணக்கில்லை. போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தாலும், தோளில் பதிக்கும் மரக்கட்டை பிளந்திருந்தாலும், தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசி இல்லாவிட்டாலும், பட்டறையில் சரிசெய்யக் கூடியதென்றால் அது துப்பாக்கிதான். குழலின் உள்விட்டம் .303 அங்குலமாக இருந்தால் அது தடைசெய்யப்பட்ட ரகம். உரிய அனுமதியின்றி வைத்திருந்தால் 2019 திருத்தத்தின்படி குறைந்தது 7 ஆண்டு சிறை.

முதலில் குழலில் உள்ள அளவைப் பாருங்கள். .315 என்றிருந்தால், அது மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை பொதுமக்களுக்காகச் செய்த வேட்டை ரைஃபிள். தோற்றத்தில் ராணுவத்தின் .303 ரைஃபிளான என்ஃபீல்டைப் போலவே இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். உண்மையான ஸ்னைப்பர் என்பது, இரண்டாம் உலகப்போரின்போது குறி தவறாத ‘நம்பர் 4’ என்ற என்ஃபீல்டு ரைஃபிள்களைத் தேர்ந்தெடுத்து, பெரும்பாலும் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்ற பிரிட்டிஷ் துப்பாக்கி நிறுவனம் மாற்றியமைத்தது. அதன் இடப்பக்கத்தில் தொலைநோக்கி பொருத்த இரண்டு இரும்புப் பட்டைகளும், கட்டையின் மேல் கன்னம் பதிக்க ஒரு மரத்துண்டும் இருக்கும். அதில் பொருத்தும் ‘நம்பர் 32’ ரகத் தொலைநோக்கியின் எண்ணைக் கட்டையின் கழுத்துப் பகுதியில் பொறித்திருப்பார்கள். துளை மட்டும் எதையும் நிரூபிக்காது. அதை யாரும் போடலாம்.

எதுவானாலும், தாத்தாவின் லைசென்ஸ் புத்தகத்தைத் தேடியெடுத்து, துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு என்ற முறையில் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். வாரிசுச் சான்றுக்காகத் தாலுகா அலுவலகத்தில் மேசை மேசையாக அலைய வேண்டியிருக்கும். சட்டப்படி நடக்க முன்வருபவரை இப்படி அலைக்கழிக்கும் நடைமுறை மாறாதவரை புரோக்கர்களுக்குப் பிழைப்பு குறையாது. உங்கள் விண்ணப்ப வேலை முடியும்வரை எண்கள் தெரியும்படி எடுத்த படம் எதையும் புரோக்கருக்கு அனுப்பாதீர்கள். அதே எண்ணை வேறொரு கட்டையில் பொறித்துப் போலியை விற்பது கடினமல்ல.