கண்ணி நிற்க முடிச்சு வேண்டாம்

அன்புள்ள அக்கா,

டர்பனில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மகளோடு இருக்கிறேன். பழைய துணியைக் கீற்றுகளாக வெட்டி, கொக்கியால் கண்ணி கண்ணியாக மேலே இழுத்து விரிப்பு செய்யும் ரக் ஹூக்கிங் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத் தொடங்கினேன். கைவேலைக் கடையில் பெரிய கட்டங்கள் கொண்ட விறைப்பான கேன்வாஸ் கொடுத்தார்கள். குரோஷே ஊசியால் ஒரு கண்ணியை இழுத்தால் முந்தைய கண்ணி கழன்றுவிடுகிறது. முடிச்சுப் போட வேண்டுமா? கொக்கியை வெளிநாட்டிலிருந்து வருவிக்க வேண்டுமா? பழைய பட்டுச் சேலைகளும் டி-ஷர்ட்டுகளும் உதவுமா? மகள் வீட்டு வாசலுக்குக் குத்துவிளக்குப் படத்தோடு ஒரு மிதியடி செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

ஒரு வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அன்புள்ள சகோதரி,

முடிச்சு வேண்டாம், இந்தக் கலையில் முடிச்சே கிடையாது. அடித்துணியின் இழைகள் கண்ணியின் கழுத்தை இறுக்குகின்றன, பக்கத்துக் கண்ணிகள் அதை நெருக்குகின்றன. அவ்வளவுதான் அதைப் பிடித்து நிறுத்துவது. உங்களுக்குக் கிடைத்திருப்பது லாட்ச் ஹூக் என்னும் வேறொரு முறைக்கான கேன்வாஸ். அதில் குட்டையாக வெட்டிய நூல் ஒவ்வொன்றையும் முடிச்சாகக் கட்டுவதால், கட்டம் பெரிதாக இருந்தாலும் நூல் நிற்கும். வெறும் கண்ணிக்கு அந்தக் கட்டத்தில் பிடிமானம் இல்லை. எனவே பிழை உங்கள் கையில் இல்லை. அடித்துணியை மாற்றினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

நம் ஊரில் எளிதில் கிடைப்பது ஹெஸ்ஸியன், அதாவது நம் பெரியவர்கள் சாக்கு என்று சொன்ன அதே சணல் துணி. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலும் கனடாவின் கடலோர மாகாணங்களிலும் இந்தக் கலை ஏழை வீடுகளில் பரவியதற்கு வங்காளத்துச் சணலே ஒரு பெரிய காரணம்: சரக்கு வந்த சாக்கைப் பிரித்து அடித்துணியாக்கி, உடுத்தத் தகாத கந்தலைக் கீற்றாக்கி, குளிர்ந்த தரைக்கு விரிப்புச் செய்துகொண்டார்கள். ஆனால் சணல் ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்து முறியும் என்பதால், கைபழகும் வரை அதை வைத்துக்கொண்டு, காலடியில் கிடக்கப்போகும் விரிப்புக்கு லினன் துணியையோ மங்க்ஸ் கிளாத் என்னும் இரட்டை இழைப் பருத்தித் துணியையோ வாங்குங்கள். இந்த ஒரு பொருளில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பேன்.

அடுத்தது கீற்று. தொடங்குபவருக்குக் கம்பளித் துணியைவிட நல்லது எதுவும் இல்லை. பழைய பாவாடை, கோட்டு, மெல்லிய போர்வை ஆகியவற்றை வெந்நீரில் சோப்பிட்டு அலசி உலர்த்தினால், இழைகள் ஒன்றோடொன்று இறுகி, வெட்டிய ஓரம் பிரியாது. பழைய துணிக் கடையில் வாங்கியது உண்மையான கம்பளிதானா என்று ஐயம் வந்தால், ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து எரித்துப் பாருங்கள். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு பொடியும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். கீற்றின் அகலம் 6 மில்லிமீட்டர் இருக்கட்டும், நீளம் ஒரு முழத்துக்குக் குறைவாக இருக்கட்டும். துணியை முதலில் ஓரிடத்தில் கிழித்து இழை ஓடும் திசையைக் கண்டுகொண்டு, அதற்கு இணையாக வெட்டுங்கள். மூலைவாட்டில் வெட்டிய கீற்று இழுக்கும்போது நீண்டு அறுந்துபோகும். இத்தனை காலம் துணியோடு வாழ்ந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பட்டுச் சேலையும் டி-ஷர்ட்டும் தாராளமாக உதவும், ஆனால் இரண்டாவது விரிப்பிலிருந்து. இன்று கனடாவைச் சேர்ந்த நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் கரையில் 1892இல் பணி தொடங்கிய மருத்துவர் வில்ஃபிரட் கிரென்ஃபெல்லின் மருத்துவ மிஷன், அங்கிருந்த பெண்கள் செய்த விரிப்புகளை விற்று அவர்களுக்கு வருமானம் தேடித் தந்தது. 1920களில் நன்கொடையாக வந்த கிழிந்த பட்டுக் காலுறைகளுக்குச் சாயமேற்றி அவர்கள் இழுத்த நுண்ணிய கண்ணிகளை இன்றும் அருங்காட்சியகங்கள் போற்றி வைத்திருக்கின்றன. பட்டு வழுக்கும், நூல் பிரியும்; கை பழகிய பிறகே அது சொன்னபடி கேட்கும்.

கொக்கிக்காக வெளிநாட்டுக்கு எழுத வேண்டாம். கம்பளிக் கீற்றைக் கவ்வும் அளவு வாய் உள்ள உலோகக் குரோஷே ஊசியை, உள்ளங்கையில் அடங்கும் மரக் கைப்பிடியில் பொருத்தித் தரச் சொல்லுங்கள். மெல்லிய பிடியோடு நெடுநேரம் வேலை செய்தால் மணிக்கட்டு வலிக்கும். அடித்துணியைத் தடித்த எம்பிராய்டரிச் சட்டத்தில் முரசுத்தோல்போல இழுத்து மாட்டுங்கள்.

இனி கண்ணி. இடது கை துணிக்கு அடியில் கீற்றைப் பிடித்திருக்க, வலது கை மேலிருந்து கொக்கியை இறக்கி, முதலில் கீற்றின் முனையை முழுவதும் மேலே கொண்டுவர வேண்டும். அடுத்து இரண்டு மூன்று இழைகள் தள்ளி இறக்கி, கீற்றின் அகலம் எவ்வளவோ அவ்வளவு உயரத்துக்குக் கண்ணியை இழுங்கள். கொக்கியைச் சற்றே முந்தைய கண்ணியின் பக்கம் சாய்த்து இழுத்தால் அது கழலாது. ஒவ்வொரு துளையிலும் இழுக்க வேண்டியதில்லை. கண்ணிகள் தோளோடு தோள் தொட்டால் போதும், நெருக்கினால் விரிப்பு நடுவில் புடைத்துக்கொள்ளும். கீற்று முடியும்போது அதன் முனையையும் மேலே இழுத்துக் கண்ணி மட்டத்தில் கத்தரியுங்கள். அடிப்புறத்தில் ஒரு கீற்றின் மேல் இன்னொன்று ஏறவே கூடாது. ஏறினால் அந்த மேடு தரையில் உராய்ந்து அங்கேதான் விரிப்பு முதலில் தேயும்.

இந்த விதியால்தான், முதல் வடிவமாகச் சிக்குக் கோலம் வேண்டாம் என்கிறேன். அரிசி மாவில் இழுக்கும்போது கோடு தன்னைத் தானே தடையின்றிக் கடந்து செல்லும். இங்கோ ஒவ்வொரு சந்திப்பிலும் கீற்றை மேலே கொண்டுவந்து வெட்டி, மறுபக்கத்தில் புதிதாகத் தொடங்க வேண்டும். 25 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு மாவிலையோ மாங்காயோ வரைந்து, சுற்றிலும் 10 சென்டிமீட்டர் துணி விட்டு, கோட்டுக்குச் சற்று உள்ளே வடிவத்தை முடித்த பின் பின்புலத்தை நிரப்புங்கள். நிரப்பும் பரப்பைப்போல நான்கைந்து மடங்கு துணி தேவைப்படும். இந்தச் சதுரத்துக்கு எல்லா நிறமும் சேர்த்து ஏறத்தாழ 50-க்கு 60 சென்டிமீட்டர்.

குத்துவிளக்கைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தீபத்தை மிதிக்க நம் வீடுகளில் எவருக்கும் மனம் வராது. உங்கள் மகள் அதைத் தாண்டித் தாண்டியே நடப்பார். விளக்கைச் சுவரில் மாட்டும் சித்திரமாகச் செய்யுங்கள். அங்கே தேய்மானக் கவலை இல்லாததால் உங்கள் பட்டுச் சேலையின் மஞ்சளும் குங்குமச் சிவப்பும் சுடருக்குப் பயன்படும். வாசலுக்கு மாவிலை போதும்.

வேலை முடிந்ததும் ஈரத்துணி போர்த்தி இஸ்திரிப் பெட்டியை அழுத்தி அழுத்தி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஓரத்தை மடித்துப் பருத்தி நாடா வைத்துத் தைத்துவிடுங்கள். சலவை இயந்திரத்தில் போடக் கூடாது. எடுத்து வைப்பதானால் மடிக்காமல், கண்ணிகள் வெளிப்பக்கம் வரும்படி சுருட்டுங்கள்.

முதல் சதுரம் முடிந்ததும் படம் அனுப்புங்கள். மேல்புறத்தோடு அடிப்புறத்தையும் எடுத்து அனுப்பினால், கண்ணி எங்கே நெருங்கியிருக்கிறது, எங்கே கீற்று ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியும்.