அளக்கும்போது ஒன்று, ஓடும்போது இன்னொன்று

ஃபார்முலா 1 கார் எஞ்சினை விதிப்படி அளந்த பிறகும் அந்த விதியில் ஓட்டை எப்படி வரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மண்டபம் கரையில் விசைப்படகு எஞ்சினுக்கு டேப்பட் வைப்பதை, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் எஞ்சின் ஆறிய பிறகுதான் கேஜ் தகட்டைச் செருகுவார்கள். சூடேறினால் இரும்பு விரிந்து இடைவெளி மாறிவிடும். விஷயம் அதேதான்.

கம்ப்ரெஷன் என்பது பிஸ்டன் சிலிண்டருக்குள் இருப்பதை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற விகிதம். 2025 வரை அது 18-க்கு 1 வரை போகலாம். 2026 விதி அதை 16 ஆக்கியது. ஆனால் அளப்பது எஞ்சின் ஆறிய நிலையில் என்று எழுதிவிட்டார்கள். 1600 சிசி, ஆறு சிலிண்டர். கணக்குப் போட்டால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 16-க்குச் சுமார் 17.8 சிசி, 18-க்கு 15.7. வித்தியாசம் அரை டீஸ்பூன்கூட இல்லை! சூட்டில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு துளி நீண்டாலே பிஸ்டன் இன்னும் மேலே ஏறி, அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு கிடைத்துவிடும்.

இதை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன், அருமையான பொறியியல். 1995 ஸ்பெயின் ராலியில் டொயோட்டா அணி செய்தது வேறு. டர்போவுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வளையத்தைச் சுற்றி, சோதனையில் தெரியாதபடி கள்ள வழி வைத்திருந்தார்கள். அதற்கு ஓராண்டு தடை.