பணியிடம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்கத் தலைமையகம் உள்ள நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். 2025 தொடக்கத்தில் ‘டி.இ.ஐ.’ (பன்முகத்தன்மை, சமநீதி, அனைவரையும் உள்ளடக்குதல்) துறையின் பெயரையே மாற்றிவிட்டார்கள். அதிபரின் உத்தரவால் அங்கே பாகுபாட்டுத் தடைச் சட்டமே போய்விட்டது என்கிறார் சக ஊழியர். உண்மையா?

பதில்: இல்லை. போனது வேறு, இருப்பது வேறு. அரசிடம் ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனங்கள் சிறுபான்மையினர், பெண்கள் ஆகியோரின் வேலைவாய்ப்பை உயர்த்தத் திட்டம் வகுக்க வேண்டும் என்பதற்கு அடிப்படையாக இருந்தது, 1965-ல் லிண்டன் ஜான்சன் பிறப்பித்த 11246 எண் உத்தரவு. அதைத்தான் டொனால்ட் டிரம்ப் 2025 ஜனவரி 21 அன்று ரத்து செய்தார். இனம், நிறம், மதம், பாலினம், பூர்விக நாடு பார்த்து வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்பது 1964-ம் ஆண்டின் சிவில் உரிமைகள் சட்டம். அது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றியது. அதிபர் கையெழுத்தால் அழியாது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு இன்றும் பொருந்துகிறது.

துறையின் பெயரைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். காலிப் பதவி அறிவிப்பு எல்லோருக்கும் போகிறதா, ஆண்டுக்கு ஒரு முறையாவது சம்பள வித்தியாசத்தை ஆராய்கிறார்களா, மேலாளரைத் தாண்டிப் புகார் கொடுக்க வழி இருக்கிறதா? இந்த மூன்றில் ஒன்று நின்றுபோயிருந்தால்தான் உண்மையில் ஏதோ மாறியிருக்கிறது.

கேள்வி: பன்முகத்தன்மை என்ற பெயரில் இடஒதுக்கீடுதானே நடக்கிறது? தகுதி அடிபடாதா?

பதில்: நம் ஊர் இடஒதுக்கீட்டுக்கு அரசியல் சாசனத்திலேயே இடம் உண்டு. அமெரிக்கச் சட்டம் அப்படி இல்லை. ‘இத்தனை இடம் இன்னாருக்கு’ என்று எண்ணிக்கை வைத்து ஆள் எடுப்பது அங்கே பொதுவாகச் சட்டவிரோதம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1979, 1987 தீர்ப்புகள் மிகக் குறுகிய விலக்குக்கு மட்டுமே வழி விட்டன. இனம் பார்த்துச் சேர்ப்பதைத் தடுத்த 2023 ஜூன் 29 ஹார்வர்டு தீர்ப்பு கல்லூரிச் சேர்க்கை பற்றியது. வேலைவாய்ப்பில் இந்தத் தடை அதற்கு முன்பே இருந்தது.

உங்கள் சந்தேகத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டோம். மேலாளரின் போனஸை ‘எத்தனை பெண்களை எடுத்தாய்’ என்ற கணக்கோடு கட்டிய நிறுவனங்கள் உண்டு. ஒரு குழுவினர் மட்டுமே சேரக்கூடிய பயிற்சித் திட்டங்களும் இருந்தன. இரண்டுமே தப்பான வழி. வேலை கிடைக்காதவருக்கும் கோபம், கிடைத்தவருக்கும் ‘கணக்குக்காக எடுத்தார்கள்’ என்ற அவப்பெயர். பெரும்பான்மையினர் வழக்குப் போட்டால் கூடுதல் ஆதாரம் காட்ட வேண்டும் என்று சில நீதிமன்றங்கள் வைத்திருந்த விதியையும் 2025 ஜூனில், ஏம்ஸ் வழக்கில், உச்ச நீதிமன்றம் ஒருமனதாக நீக்கிவிட்டது.

ஆனால் ‘தகுதி’ என்று எழுதி வைத்திருப்பதெல்லாம் தகுதி ஆகிவிடாது. டியூக் பவர் என்ற மின் நிறுவனம் சாதாரண வேலைகளுக்குக்கூட உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் கேட்டது. வேலையோடு தொடர்பில்லாத அந்த நிபந்தனை கறுப்பினத்தவரைப் பெருமளவில் வெளியே தள்ளியது. 1971-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. உங்கள் விளம்பரத்தை எடுத்து, ஒவ்வொரு நிபந்தனைக்கும் ‘இது இல்லாமல் எந்த வேலை கெடும்?’ என்று கேளுங்கள். பதில் வராததை அடித்துவிடுங்கள்.

கேள்வி: பயோடேட்டாவில் பெயரை மறைத்துவிட்டால் போதாதா?

பதில்: பெயர் வேலையைக் கெடுக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. பாஸ்டனிலும் சிகாகோவிலும் சுமார் 5,000 பயோடேட்டாக்களை அனுப்பி நடத்திய ஆய்வு 2004-ல் வெளியானது. வெள்ளையர் பெயராகத் தோன்றியவற்றுக்கு 10-க்கு ஓர் அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் பெயராகத் தோன்றியவற்றுக்கு அதே ஓர் அழைப்புக்கு 15 அனுப்ப வேண்டியிருந்தது.

ஆனாலும் மறைப்பது எல்லா இடத்திலும் உதவுவதில்லை. பிரான்ஸில் அரசு வேலைவாய்ப்புத் துறை இதைச் சோதித்தபோது, பெயரை மறைத்ததால் சிறுபான்மையினருக்கு அழைப்பு குறைந்தது. தாமாக முன்வந்து சோதனையில் சேர்ந்த நிறுவனங்கள் ஏற்கெனவே அவர்களைப் பரிவோடு பார்த்து வந்தவை என்பது ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு காரணம். பெயர் மறைந்ததும் அந்தப் பரிவுக்கு வழியில்லாமல் போனது. முதல் வடிகட்டலில் பெயரை மறையுங்கள், தவறில்லை. பெரிய ஓட்டை நேர்காணலில் இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் நேர்காணலை எப்படி நடத்துவது?

பதில்: ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று தொடங்கி, பேச்சு போன போக்கில் போகும் நேர்காணலில் நம்மைப் போலப் பேசுகிறவர்தான் ஜெயிப்பார். ஒருவர் பின்னாளில் எப்படி வேலை செய்வார் என்பதோடு அதற்குள்ள தொடர்பு 0.19 மட்டுமே, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் ஒழுங்குபடுத்திய நேர்காணலுக்கு 0.42. 2022-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட கணக்கு இது (1 என்றால் முழுப் பொருத்தம்). அதாவது நியாயமும் தகுதியும் இங்கே ஒரே பக்கம் நிற்கின்றன. இந்த விவாதத்தில் நாங்கள் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான்.

விளம்பரம் போகும் முன்பே 6 கேள்விகளை எழுதிவிடுங்கள். எல்லோருக்கும் அதே கேள்விகள், அதே வரிசை. ஒவ்வொன்றுக்கும் 1, 3, 5 மதிப்பெண்ணுக்கு எந்த மாதிரி பதில் என்பதையும் முன்கூட்டியே எழுதுங்கள். உதாரணமாக: ‘வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போது கணக்கில் பிழை கண்டீர்கள். என்ன செய்வீர்கள்?’ ‘ராப்பகலாக உட்கார்ந்து சரிசெய்வேன்’ என்று மட்டும் சொன்னால் 1. பிழையின் அளவைப் பார்த்து மேலாளரிடம் சொல்வேன் என்றால் 3. அதோடு, வாடிக்கையாளரிடம் எப்போது, என்ன சொல்வது, அதே பிழை வேறெங்கு புகுந்திருக்கும் என்பதையும் தொட்டால் 5.

நேர்காணல் செய்யும் மூவரும் தனித்தனியே மதிப்பெண் போட்டுக் கொடுத்த பிறகுதான் பேச வேண்டும். பெரும்பாலும் கெடுவது இங்கேதான். கதவு மூடியதும் மூத்தவர் ‘பையன் நல்லா இருக்கான்ல?’ என்பார், மற்ற இருவரின் பேனாவும் அந்தப் பக்கம் சாயும். ‘நம்ம டீமுக்கு செட் ஆவாரா’ என்ற கட்டம் படிவத்தில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தேர்வுமுறை ஒரு சாராரை வடிகட்டுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: 1978-ல் அமெரிக்க அரசு வகுத்த ‘ஐந்தில் நான்கு’ கணக்கு எளிது. 80 ஆண்கள் விண்ணப்பித்து 40 பேர் தேர்வானால் 50 சதவீதம். 40 பெண்களில் 12 பேர் என்றால் 30 சதவீதம். 30-ஐ 50-ஆல் வகுத்தால் 0.6. இது ஐந்தில் நான்கு, அதாவது 0.8-க்குக் கீழே இருப்பதால் முறையை ஆராய வேண்டும். பாகுபாடு நடந்தது என்று இதுவே நிரூபித்துவிடாது. மொத்தமாகப் போடாமல் பயோடேட்டா, தேர்வு, நேர்காணல் என்று கட்டம் கட்டமாகப் போடுங்கள். எந்தக் கட்டத்தில் சரிகிறது என்று தெரியும். ஐந்தாறு பேர் மட்டும் விண்ணப்பித்த இடத்தில் இந்தக் கணக்கை நம்பாதீர்கள், ஒரே ஆள் மாறினால் விடையே தலைகீழாகும். எண்ணைச் சரிக்கட்ட மதிப்பெண்ணைத் திருத்துவதும் கூடாது. திருத்த வேண்டியது கேள்வித்தாளை.

கேள்வி: பன்முகத்தன்மை பற்றி எல்லோருக்கும் கட்டாயப் பயிற்சி வகுப்பு வைத்தால் பலன் உண்டா?

பதில்: கட்டாயம் என்றால் குறைவு. சமூகவியல் ஆய்வாளர்கள் ஃபிராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா கலேவ் இருவரும் 800-க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் தரவைப் பார்த்தார்கள். மேலாளர்களுக்குக் கட்டாயப் பயிற்சி தொடங்கி ஐந்தாண்டு கழித்து, மேலாளர் பதவிகளில் கறுப்பினப் பெண்களின் பங்கு சராசரியாக 9 சதவீதம் குறைந்திருந்தது. விரும்பிச் சேரும் பயிற்சியும், மூத்தவர் ஒருவர் இளையவருக்கு வழிகாட்டும் ஏற்பாடும் நல்ல பலன் தந்தன. வழிகாட்டும் திட்டத்தைத் தொடங்கினால் யாருக்கு யார் என்பதை நிர்வாகமே பட்டியல் போட்டு இணைக்கட்டும், எல்லா ஊழியருக்கும் திறந்திருக்கட்டும். ‘நீங்களே தேடிக்கொள்ளுங்கள்’ என்று விட்டால், பெரியவர்களிடம் தயங்காமல் போய்ப் பேசத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே வழிகாட்டி கிடைப்பார்.