சிங்கப்பூரா, அயர்லாந்தா? கடன் வாங்குவதற்கு முன் பெற்றோர் போட வேண்டிய கணக்கு

மகன் பி.இ. முடித்து இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டான். ஒரு கன்சல்டன்சி சிங்கப்பூர் போகச் சொல்கிறது, இன்னொன்று அயர்லாந்தில் எம்.எஸ்சி. படிக்கச் சொல்கிறது. எது நல்ல நாடு என்று கேட்டிருக்கிறீர்கள். நாடு இரண்டும் நல்லவைதான். அதில் சந்தேகம் வேண்டாம். ஐந்தாவது ஆண்டு முடியும்போது உங்கள் மகன் அங்கே என்ன உரிமையோடு இருப்பான், நடுவில் வேலை போனால் எத்தனை நாள் தங்க விடுவார்கள் என்று கேளுங்கள். அங்கேதான் இரண்டு நாடுகளும் பிரிகின்றன.

கன்சல்டன்சி காட்டும் தனிநபர் வருமானப் பட்டியலை முதலில் ஓரமாக வையுங்கள். உலகப் பட்டியலில் இரண்டு நாடுகளுமே உச்சியில் இருக்கும். மக்கள்தொகையும் கிட்டத்தட்ட ஒன்று: சிங்கப்பூரில் 60 லட்சம், அயர்லாந்தில் 54 லட்சம். ஆனால் சிங்கப்பூர் அத்தனை பேரையும் சுமார் 735 சதுர கிலோமீட்டருக்குள் வைத்திருக்கிறது. அயர்லாந்துக்கு 70,000 சதுர கிலோமீட்டர் இருக்கிறது. அயர்லாந்தின் ஜி.டி.பி. கணக்கில் இன்னொரு சங்கதியும் உண்டு. அமெரிக்கப் பெருநிறுவனங்கள் தங்கள் காப்புரிமைகளையும் லாபத்தையும் வரி குறைவு என்பதற்காக அங்கே பதிவு செய்கின்றன. 2015-ல் அந்நாட்டின் ஜி.டி.பி. ஒரே ஆண்டில் 26 சதவீதம் எகிறியது அப்படித்தான். யாருடைய சம்பளமும் 26 சதவீதம் ஏறவில்லை. அதனால் அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே திருத்திய தேசிய வருமானம் என்று தனிக் கணக்கு வெளியிடுகிறது. 2023-ல் அது ஜி.டி.பி.யில் பாதியைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். விளம்பரப் பலகையில் இதைப் போட மாட்டார்கள்.

சிங்கப்பூரில் பட்டதாரிக்கான வழி எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி. 2025 முதல் இளம் வயதினருக்கே குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 சிங்கப்பூர் டாலர், நிதித் துறையில் 6,200. வயது ஏற ஏற இந்த வரம்பும் ஏறும். சம்பளம் இருந்தால் மட்டும் போதாது, காம்பஸ் என்ற புள்ளி முறையில் 40 எடுக்க வேண்டும். சம்பளம், பட்டம், நிறுவனத்தில் உங்கள் நாட்டவரின் விகிதம், நிறுவனம் உள்ளூர்க்காரர்களை எவ்வளவு வேலைக்கு வைத்திருக்கிறது ஆகிய நான்குக்கும் தலா 0, 10 அல்லது 20 புள்ளி.

நம் பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதைக் கணக்காகவே பாருங்கள். அந்தத் துறையின் உள்ளூர் மேல்நிலை ஊழியர்களில் நூற்றுக்கு 65 பேர் வாங்குவதைவிடச் சம்பளம் மேலே இருந்தால் 10. சாதாரணப் பொறியியல் கல்லூரிப் பட்டம், அது சரிபார்க்கப்பட்டிருந்தால், 10. அந்த ஐ.டி. நிறுவனத்தின் மேல்நிலை ஊழியர்களில் கால்வாசிக்கு மேல் ஏற்கெனவே இந்தியர் என்றால் மூன்றாவதில் பூஜ்யம். உள்ளூர்க்காரர் விகிதத்தில் 10. மொத்தம் 30. விண்ணப்பம் தேறாது. அதே பையன் இந்தியர் குறைவாக உள்ள நிறுவனத்தில் அதே சம்பளத்துக்குச் சேர்ந்தால் 40 தொட்டுவிடும். சிங்கப்பூரின் தன்னாட்சிப் பல்கலைக்கழகப் பட்டம் கையில் இருந்தாலும் பட்டத்துக்கு 20 விழும். பற்றாக்குறைத் தொழில் பட்டியலில் உள்ள வேலைக்கு போனஸ் புள்ளி தனி. ஆகவே இந்தியர்கள் நிறைந்த கம்பெனியில் சுலபமாக நுழைந்துவிடலாம் என்ற நம்பிக்கை அங்கே தலைகீழாக வேலை செய்கிறது. மனிதவள அமைச்சின் இணையதளத்தில் இலவச சுயமதிப்பீட்டுக் கருவி இருக்கிறது; வேலை தரும் நிறுவனத்திடம் அதன் முடிவைக் கேட்டு வாங்குங்கள். பொதுவாக அந்த வேலையை 14 நாள் உள்நாட்டில் விளம்பரம் செய்த பிறகே அவர்கள் விண்ணப்பிக்க முடியும் என்பதால், நாளைக்கே பாஸ் என்று சொல்கிறவரை நம்ப வேண்டியதில்லை.

எஸ் பாஸ் அதற்குக் கீழே உள்ள படி, நடுத்தரத் திறன் வேலைகளுக்கான அனுமதி. 2025 செப்டம்பர் முதல் அதன் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 டாலர். நிறுவனத்துக்கு ஒதுக்கீடு உண்டு (சேவைத் துறையில் ஊழியர்களில் 10 சதவீதம்), வெளிநாட்டு ஊழியரை வைத்திருப்பதற்காக மாதம் 650 டாலர் லெவியும் (அரசுக்கான தீர்வை) நிறுவனம் கட்ட வேண்டும். அந்த லெவியை ஊழியர் சம்பளத்தில் பிடிப்பதும், வேலை கொடுத்ததற்காகப் பணத்தைத் திருப்பி வாங்குவதும் சட்டப்படி குற்றம். அங்குள்ள ஏஜென்சி ஒப்பந்தத்தின் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் கட்டணமாக வாங்கலாம். ஊரில் லட்சக்கணக்கில் கேட்கிற ஏஜென்ட்டிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

சிங்கப்பூரில் தனியார் கல்லூரி டிப்ளமோ எடுத்தால் வேலை கிடைத்துவிடும் என்ற பேச்சுக்கு மட்டும் காது கொடுக்காதீர்கள். தனியார் நிறுவன மாணவர்கள் பகுதிநேர வேலை பார்க்கவே அனுமதி இல்லை. படித்து முடித்தால் பாஸ் உறுதி என்பதும் இல்லை. அரசு ஆதரவு பெற்ற பல்கலைக்கழகம் என்றால் கதை வேறு. இளநிலையில் கல்விக் கட்டண மானியம் உண்டு, பதிலுக்கு மூன்றாண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை பார்ப்பதாக ஒப்பந்தம் போட வேண்டும்.

அயர்லாந்து எதிர்த் திசையில் போகிறது. நுழைய மெதுவாக விடும், நுழைந்த பிறகு உரிமைகளைப் படிப்படியாகக் கொடுக்கும். முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டு. அது தேசியத் தகுதிச் சட்டகத்தில் (படிப்புகளை நிலைவாரியாக வகுக்கும் அந்நாட்டு முறை) 9-ஆம் நிலை என்றால், முடித்தபின் வேலை தேடவும் பார்க்கவும் ஸ்டாம்ப் 1ஜி என்ற தங்கும் அனுமதி இரண்டாண்டு வரை கிடைக்கும். 8-ஆம் நிலையில் உள்ள ஹையர் டிப்ளமோ என்றால் 12 மாதம்தான். கட்டணம் குறைவு என்று டிப்ளமோவைத் தலையில் கட்டிவிடுகிறார்கள், பாதிக் காலம் போய்விடுகிறது. முதல் எம்.எஸ்சி.க்கு வேலை கிடைக்கவில்லை என்று இரண்டாவது எம்.எஸ்சி. சேர்வதும் வீண், அதே நிலையில் இன்னொரு பட்டத்துக்குப் புதிதாக 1ஜி தர மாட்டார்கள்.

1ஜி காலத்துக்குள் பிடிக்க வேண்டியது கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் பெர்மிட் என்ற வேலை அனுமதி. அரசின் பற்றாக்குறைத் தொழில் பட்டியலில் உள்ள வேலை, அதற்குப் பொருந்தும் பட்டம், இரண்டாண்டு வேலை உறுதி, குறைந்தபட்சச் சம்பளம் வேண்டும்; 2025-ல் அந்தச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 38,000 யூரோவாக இருந்தது. இந்த வரம்பைப் படிப்படியாக உயர்த்தி வருகிறார்கள் என்பதால் விண்ணப்பிக்கும் அன்றைய தொகையைப் பாருங்கள். சாஃப்ட்வேர், மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், புராசஸ், குவாலிட்டி பொறியாளர்கள் எல்லாம் பட்டியலில் இருக்கிறார்கள். கால்வே பக்கம் மருத்துவக் கருவித் தொழிற்சாலைகள், கார்க்கில் மருந்து ஆலைகள், லீக்ஸ்லிப்பில் இன்டெல் என்று மெக்கானிக்கல் பையனுக்கு டப்ளினுக்கு வெளியேதான் வேலை. பொது மேலாண்மை, எச்.ஆர். படிப்புகளை நம்பி 25 லட்சம் கடன் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த வேலைகள் பட்டியலில் இல்லை. நிறுவன ஊழியர்களில் பாதிப் பேராவது ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. இந்தியர் நடத்தும் சிறு கம்பெனிகளின் வேலைக்கடிதம் பல நேரம் இங்கேதான் முறிகிறது.

பெர்மிட் வந்துவிட்டால் மனைவி உடனே வரலாம், தனிப் பெர்மிட் இல்லாமலே வேலை பார்க்கலாம். ஒன்பது மாதத்துக்குப் பின் நிறுவனம் மாறலாம். இரண்டாண்டு ஓடினால் ஸ்டாம்ப் 4. அதன்பின் பெர்மிட்டே தேவையில்லை. ஐந்தாண்டு வசிப்பு சேர்ந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், படிப்புக் காலம் அதில் சேராது. சிங்கப்பூரில் மனைவியை டிபெண்டன்ட் பாஸில் அழைக்கவே மாதம் 6,000 டாலர் சம்பளம் வேண்டும், அவர் வேலை பார்க்கத் தனியாகப் பாஸ் எடுக்க வேண்டும். பி.ஆர். (நிரந்தரவாசத் தகுதி) விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணம் சொல்ல மாட்டார்கள். கிடைத்தாலும், அப்பாவோடு பி.ஆர். வாங்கிய மகன் 18 வயதில் இரண்டாண்டு தேசிய சேவைக்குப் போக வேண்டும். பேரப்பிள்ளை வரை யோசிக்கிற குடும்பம் இதை இப்போதே பேசிக்கொள்வது நல்லது.

வேலை போனால்? சிங்கப்பூரில் பாஸ் ரத்தான நாளிலிருந்து பொதுவாக 30 நாள். அயர்லாந்தில் ஆட்குறைப்பு என்றால் நான்கு வாரத்துக்குள் அமைச்சகத்துக்குத் தெரிவித்துவிட்டு, ஆறு மாதம் வரை வேறு வேலை தேடலாம். கடன் உள்ள வீட்டுக்கு இந்த ஐந்து மாத வித்தியாசம் பெரிது.

இனிப் பணம். சேமிப்பில் சிங்கப்பூர்தான் ஜெயிக்கும், தயங்காமல் சொல்லலாம். 5,600 டாலர் சம்பளத்துக்கு ஆண்டு வருமான வரி சுமார் 2,400 டாலர், மாதத்துக்கு 200 வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்காரர்களுக்கு சி.பி.எஃப். (நம் ஊர் பி.எஃப். போன்றது) பிடித்தம் கிடையாது, ஓய்வுக்கால சேமிப்பும் சேராது. வரியை மாதாமாதம் பிடிக்க மாட்டார்கள் என்பதால் பையன்கள் செலவழித்துவிட்டு விழிப்பார்கள். வேலையை விட்டுக் கிளம்பும்போது நிறுவனம் கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைத்து, வரிக் கணக்கு முடிந்த பிறகுதான் தரும். அந்த மாதத்துக்கு வேறு பணம் கையில் இருக்கட்டும். அயர்லாந்தில் 40,000 யூரோ ஆண்டுச் சம்பளத்தில் வருமான வரி, யு.எஸ்.சி. என்ற கூடுதல் வரி, பி.ஆர்.எஸ்.ஐ. என்ற சமூகக் காப்பீட்டுப் பிடித்தம் எல்லாம் போக மாதம் 2,800 யூரோ அளவில் கைக்கு வரும். டப்ளினில் ஓர் அறைக்கே 800 முதல் 1,200 வரை வாடகை. ஒரு யூரோ ஒன்றரை சிங்கப்பூர் டாலர் என்று வைத்தால், அறை வாடகையும் சாப்பாடும் போக சிங்கப்பூரில் மிஞ்சுவது ஏறக்குறைய இருமடங்கு. 25 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, பத்தாண்டு என்றால் மாதத் தவணை 34,400 ரூபாய். அயர்லாந்துச் சம்பளத்தில் கட்ட முடியும், ஆனால் முதல் இரண்டாண்டு ஊருக்கு வேறு பணம் எதிர்பார்க்காதீர்கள். பகுதிநேர வேலையில் கல்லூரிக் கட்டணம் கட்டிவிடலாம் என்பதும் நடக்காத பேச்சு: படிப்பு நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி, 2025-ன் குறைந்தபட்சக் கூலி 13.50 யூரோ, முழுதாகக் கிடைத்தாலும் வாரம் 270. அறைக்கும் அரிசிக்கும் சரியாகப் போகும்.

வீடு கிடைப்பதுதான் அயர்லாந்தின் தீராத தலைவலி. நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போடு, சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்று எழுதுகிறவர் வீட்டுக்காரர் இல்லை. வழக்கமான வாடகை வீட்டுக்கு முன்பணமாக ஒரு மாத வாடகையும் டெபாசிட்டாக ஒரு மாதமும், அதற்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. கல்லூரி இடம் உறுதியான அன்றே விடுதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

அன்றாட வாழ்க்கையில் சிங்கப்பூர் நமக்குப் பழக்கமான இடம். தமிழ் ஆட்சிமொழி, தீபாவளிக்கு அரசு விடுமுறை, திருச்சியிலிருந்தே நேரடி விமானம். சட்டம் கடுமை: போதைப்பொருளுக்குத் தூக்கு வரை உண்டு, அனுமதியில்லாத பொதுக் கூட்டத்தில் நின்றால்கூட வழக்கு. முதலாண்டு விடுப்பு சட்டப்படி 7 நாள், அயர்லாந்தில் நான்கு வாரம். மகப்பேறு விடுப்பும் அயர்லாந்தில் 26 வாரம். சிங்கப்பூரில் குழந்தை அந்நாட்டுக் குடிமகன் இல்லை என்றால் 12. டிசம்பரில் டப்ளினில் மாலை நாலேகால் வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். சிலரை அது உண்மையிலேயே படுத்தும். 2025 கோடையில் டப்ளின் பகுதியில் இந்தியர் மீது தாக்குதல்கள் நடந்து, அங்குள்ள இந்தியத் தூதரகம் பாதுகாப்பு அறிவுறுத்தல் வெளியிட்டது. பயந்து ஒதுங்க வேண்டியதில்லை, ஆனால் அறை பார்க்கும்போது இரவுப் பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம் என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகனுக்கு என் கருத்து: இரண்டாண்டு அனுபவத்தோடு காம்பஸில் 40 தொடும் வேலை நேரடியாக வந்தால் கடனே வாங்காமல் சிங்கப்பூர் போகட்டும், நான்கைந்து ஆண்டு சேமிக்கட்டும். அது வரவில்லை, நிரந்தரமாகக் குடியேறுவதுதான் நோக்கம் என்றால் அயர்லாந்து, அதுவும் பட்டியலில் உள்ள தொழிலுக்கு இட்டுச்செல்லும் 9-ஆம் நிலைப் படிப்பு மட்டும்.

அயர்லாந்து என்று முடிவெடுத்தால் செப்டம்பர் சேர்க்கைக்கு ஜனவரி, பிப்ரவரியிலேயே விண்ணப்பம் போய்விட வேண்டும். ஓராண்டு செலவுக்கு 10,000 யூரோ காட்ட வேண்டும், கட்டணம் தனி. வங்கிக் கணக்கு ஆறு மாதத்துக்குப் பார்ப்பார்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் மாமா கணக்கிலிருந்து பத்து லட்சம் வந்து விழுந்தால் எங்கிருந்து வந்தது என்று பத்திரத்தோடு விளக்க வேண்டும், விளக்கம் இல்லாவிட்டால் நிராகரிப்புக்கு அதுவே காரணமாகிவிடும். வேறு எந்த நாட்டு விசா முன்பு மறுக்கப்பட்டிருந்தாலும் படிவத்தில் எழுதி, மறுப்புக் கடிதத்தையும் இணைத்துவிடுங்கள்.