காவிரி டெல்டாவில் ஸ்டர்ஜன் மாதிரி பெரிய ஆற்று மீன்களைத் தூண்டிலில் பிடிக்க முடியுமா?

ஸ்டர்ஜன் இங்கே கிடையாது. அது வட அரைக்கோளத்தின் குளிர்ந்த ஆறுகளுக்கு உரிய மீன். கனடாவின் ஃபிரேசர் ஆற்றில் அதைப் பிடிப்பவர்கள்கூட எதிர்முள் இல்லாத தூண்டில் முள்ளைத்தான் போட வேண்டும். பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும்.

காவிரி என்றதும் எல்லோரும் சொல்லும் மாசீரும் டெல்டா மீன் அல்ல. பாறையும் நீரோட்டமும் இருக்கும் மேல்காவிரிதான் அதன் வீடு. திமில் மாசீர் 2018 முதல் மிகவும் அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

டெல்டாவில் ஆசை தீர இழுத்துப் பார்க்க வேண்டுமானால் என் ஓட்டு கொடுவாவுக்கு. கொள்ளிடம் கடலில் கலக்கும் பழையாறு பக்கம், உப்பும் நன்னீரும் கலக்கும் இடங்களில் கிடைக்கும். உயிர் இறால் அல்லது சின்ன மடவை போட்டால் எடுக்கும். முள் பட்டதும் தண்ணீருக்கு மேல் துள்ளித் தலையை உதறும். செவுள் மூடி கத்தி மாதிரி இருப்பதால் தூண்டில் நரம்பு அறுந்துபோகும். முள்ளுக்கு மேலே தடித்த நரம்பு ஒரு முழம் கட்டுங்கள். கொடுவா முதலில் ஆணாக இருந்து பிறகு பெண்ணாக மாறும். அதனால் மிகப் பெரியது பெரும்பாலும் முட்டையிடும் தாய்மீன்தான். படம் எடுத்துவிட்டு விட்டுவிடலாமே.

உள்ளே ஆற்று மடுக்களில் வாளை உண்டு. ஒரு மீட்டருக்கு மேல் வளரும், இரவில்தான் வேட்டை. பல் இருப்பதால் முள்ளுக்கு மேலே நரம்புக்குப் பதில் கம்பி தேவை, விரலை வாயில் விடாதீர்கள்!

அப்புறம், ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் மட்டும் கருணை வேண்டாம். வளர்க்கவே தடை செய்யப்பட்ட மீன் அது, ஆற்றில் திரும்ப விடக் கூடாது.