டாப்பனைப் பற்றிப் பேச எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கல்வியியல் முதுகலை படிக்கிறேன். மிச்சிகன் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ஹென்றி பிலிப் டாப்பனைப் பற்றி வகுப்பில் பத்து நிமிடம் பேச வேண்டும். அவருடைய தத்துவத்தைச் சொல்வதா, நிர்வாகத்தைச் சொல்வதா?

பதில்: இரண்டையும் பிரிக்காதீர்கள். 1805-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார், யூனியன் கல்லூரியில் படித்தார், சில காலம் போதகராக இருந்துவிட்டுத் தத்துவப் பேராசிரியரானார். வாழ்க்கைக் குறிப்பு இவ்வளவு போதும்.

நேராக 1839-க்குப் போய்விடுங்கள். வலுவான தூண்டுதல் எதுவோ அதன் வழியேதான் மனிதனின் விருப்பம் போகும் என்று அமெரிக்க இறையியலாளர் ஜொனாதன் எட்வர்ட்ஸ் முந்தைய நூற்றாண்டில் வாதிட்டிருந்தார். டாப்பன் அதை மறுத்து நூல் எழுதினார். தேர்ந்தெடுப்பவர் நாமேதான், அதற்கு நம் தன்னுணர்வே சாட்சி என்பது அவர் கட்சி. 1852-இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பருக்குத் தலைவராக வந்தபோது அவர் செய்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். செவ்வியல் மொழிகளையே நம்பியிராத அறிவியல் பட்டப்படிப்பு வந்தது. விடுதி அறைகள் வகுப்பறைகளாயின, மாணவர்கள் ஊருக்குள் தங்கினார்கள். பையன்களைக் காவல் காப்பது பல்கலைக்கழகத்தின் வேலையல்ல என்று அவர் நினைத்தார். அந்த எண்ணத்தின் வேர் விருப்பம் பற்றிய நூல்களில் இருப்பதாகவே நான் வாசிக்கிறேன்.

அப்புறம், வானாய்வகத்தை விட்டுவிடாதீர்கள். டெட்ராய்ட் வணிகர்கள் பணம் தந்ததால் அதற்கு டெட்ராய்ட் வானாய்வகம் என்று பெயர். இருப்பது ஆன் ஆர்பரில். விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தை அளக்கும் கருவியை பெர்லினிலிருந்து தருவித்தார். அதை இயக்க பெர்லினில் பணிபுரிந்த ஃபிரான்ஸ் புரூனோவையே அழைத்துவந்தார். கருவி இன்றும் அங்கேதான் இருக்கிறது. படத்தைக் கட்டாயம் காட்டுங்கள். பெர்லினைத் தலைநகராகக் கொண்ட ஜெர்மானிய நாடான பிரஷ்யாவின் பல்கலைக்கழகங்களைப் போல ஆய்வும் நடக்க வேண்டும் என்று அவர் விரும்பியதை அது ஒன்றே புரியவைத்துவிடும்.

வகுப்பில் நிச்சயம் கேட்பார்கள்: பிறகு ஏன் அவரைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கினார்கள்? பிரஷ்ய மோகம் என்று பத்திரிகைகள் சாடின, விருந்தில் ஒயின் வைத்தது பிடிக்கவில்லை, ஆட்சிக்குழுவோடு அதிகாரப் போட்டி வேறு. 1863 ஜூனில் அவரை நீக்கிய குழுவுக்கு ஆறு மாதப் பதவிக்காலமே மீதமிருந்தது. அடுத்த குழுவும் ஏற்கெனவே தேர்வாகியிருந்தது. இது நியாயமான முடிவல்ல என்பதே என் கருத்து. டாப்பன் ஐரோப்பா போய்விட்டார், 1881-இல் ஸ்விட்சர்லாந்தில் இறந்தார்.

சரி, அவர் தோற்றுப்போனவர்தானே என்று யாராவது மடக்கினால், ஆண்ட்ரூ டிக்சன் ஒயிட்டின் பெயரைச் சொல்லுங்கள். டாப்பனின் கீழ் மிச்சிகனில் வரலாறு கற்பித்த அந்த இளைஞர்தான் பின்னாளில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர்.