நன்றாக இருக்கும் தார்ச்சாலையில் எதற்கு மெல்லிய சல்லிப் பூச்சு?

சாலையில் தாரைத் தெளித்து, அதன்மேல் ஒற்றை அடுக்காகப் பொடிச்சல்லி பரப்பி உருட்டுவதே இந்தப் பூச்சு. வெயிலில் தார் வறண்டு நூல்வெடிப்பு விடும். அதன்வழி இறங்கும் மழைநீர் அடித்தளத்தை இளக்கும். தண்ணீர் உள்ளே போகுமுன் வாயை மூடுவதுதான் நோக்கம். கரையேற்றிய வல்லத்துக்கு எண்ணெய் பூசுவோமே, அதே கணக்கு.

10 மி.மீ. சல்லிக்கு ஒரு சதுர மீட்டரில் சுமார் ஒரு கிலோ தார், 8 லிட்டர் சல்லி போதும். தார் கூடினால் கோடையில் மேலே கசிந்து வழுக்கும். குறைந்தால் சல்லி பெயரும். எமல்ஷன், அதாவது தண்ணீரில் கலந்த தார்க்குழம்பு தெளித்தால், அதன் பழுப்பு நிறம் கறுக்குமுன் சல்லி விழுந்துவிட வேண்டும். உருட்ட ரப்பர் டயர் ரோலர் நல்லது. இரும்பு ரோலர் சல்லியை நொறுக்கிவிடும். முதல் நாள் வண்டிகள் மெதுவாகவே போகட்டும். ஒட்டாத சல்லியை மறுநாள் பெருக்கி எடுக்க வேண்டும்.

மண்டபம், தனுஷ்கோடிப் பக்கம் பெரிய எதிரி மணல். தூசி படிந்த பரப்பில் தார் சாலையைப் பிடிக்காது, மணலைத்தான் பிடிக்கும். பிறகு பாளம் பாளமாக உரியும். கூட்டிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தெளித்தால் கூட்டியதே வீண். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வலுக்குமுன், மாசி பங்குனியில் முடிப்பது உத்தமம். ஐப்பசி மழையில் தொடவே கூடாது.

பூச்சு போட்டால் குழி சரியாகும், சாலை பலமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் நடக்காது, குழியை முன்பே வெட்டி நிரப்பியிருக்க வேண்டும்.